ரூம் போட்டுட்டு வரவேண்டியதுதானே?

வேலூரில் ஒரு கேள்வி எல்லோர் வாயிலும் தயாராக இருக்கிறது. கையில் எக்ஸ்ரே கவரும் தோளில் பையும் இடுப்பில் குழந்தையுமாக ஒரு குடும்பம் சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து புறப்படுகிறது. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு என்று லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குகிறது. எங்கும் ‘ஃபுல்’ என்று கேட்டுவிட்டு லாங் பஜார் வரைக்கும் வந்து, மூட்டை இறக்கும் லாரிக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் திகைத்து நிற்கிறது. அவர்களைப் பார்த்ததும் நம் ஆட்கள் கேட்பது இதுதான்: “முன்னாடியே ரூம் போட்டுட்டு வரவேண்டியதுதானே?”

கேட்பவர் கெட்டவர் இல்லை. அடுத்த நிமிடமே கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளியை உட்காரவும் வைப்பார். ஆனாலும் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ஊரில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. கைபேசியில் ஆப் இருக்கிறது. முன்பதிவு செய்தவனுக்கு இடம் உண்டு. செய்யாதவன் தெருவில் நிற்பது அவனுடைய அசட்டை. ஆட்டோ ஸ்டாண்டில் இதைக் கேட்கலாம், கல்யாணப் பந்தியில் கேட்கலாம், படித்தவர்கள் வாயில் இன்னும் கூடுதல் உறுதியோடு கேட்கலாம். இந்தத் தீர்ப்பு அடியோடு தவறு என்பது என் கட்சி. வேலூருக்கு வரும் நோயாளிக்கு முன்பதிவு முதல் இரவுக்கு மேல் உதவாது. முதல் இடம் கைவிட்டால் போக இரண்டாவது இடம் வேண்டும், அதுவும் கைவிட்டால் மூன்றாவது வேண்டும். அதைத் தேடித் தரும் பொறுப்பு, வருகிறவரைவிட இந்த ஊருக்கு அதிகம்.

எதிர்க்கட்சிக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கௌஹாத்தியிலிருந்தோ ஹௌராவிலிருந்தோ ஒன்றிரண்டு இரவு ரயிலில் கழித்துவிட்டுக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்குபவர் முதல் இரவுக்கு ஓர் அறையைப் பேசி வைப்பது நல்லதுதான். வண்டி தாமதமாகி இருட்டிய பிறகு வந்து சேர்ந்தால் அந்த அறை தெய்வம் மாதிரி. இதில் எனக்கு வழக்கு இல்லை. வழக்கு இரண்டாம் நாள் காலையில் தொடங்குகிறது.

ஓபி சீட்டில் டாக்டரைப் பார்க்கும் தேதி இருக்கும். ஊர் திரும்பும் தேதி எந்தச் சீட்டிலும் இருக்காது. முதல் நாள் டாக்டர் பார்த்துச் சோதனைகள் எழுதுவார். ரத்தம் அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். ஸ்கேனுக்கு வேறொரு நாள் விழும். ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் பயாப்சி. பயாப்சி முடிவு வரச் சில நாள். முடிவு தெளிவாக இல்லையென்றால் அதே திசுவில் இன்னொரு சோதனை, அதற்கும் சில நாள். பிறகு வேறு துறைக்கு அனுப்புவார்கள். அந்தத் துறைக்கு அதன் கணக்கில் ஒரு தேதி. அறுவை சிகிச்சை என்றால் படுக்கை காலியாகும்வரை காத்திருப்பு. இந்த வரிசையில் எந்தப் படியில் எத்தனை நாள் நிற்க வேண்டிவரும் என்பதை டாக்டராலேயே சொல்ல முடியாது. சொல்லாததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் தேடிக்கொண்டிருப்பது என்ன வியாதி என்பதையே. மேற்கு வங்கத்தின் புருலியாவில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குடும்பம் எத்தனை இரவுக்கு ரூம் போடும்? மூன்றுக்கா, முப்பதுக்கா? மூன்று என்று போட்டால் நான்காம் நாள் தெரு. முப்பது என்று போட்டால், ‘ஒன்றுமில்லை, மாத்திரை போதும், ஊருக்குப் போங்கள்’ என்று இரண்டாம் நாளே சொல்லிவிட்டால் கட்டிய பணம் போச்சு.

ரயில் வேறு இருக்கிறது. 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அதற்கு முன் 120 நாள். எதுவாக இருந்தாலும் திரும்பும் தேதி தெரியாதவருக்குப் பயனில்லை. செவ்வாய்க்கிழமை டாக்டர் விடைகொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு நோக்கிப் போகும் வண்டியில் படுக்கை சனிக்கிழமைதான் கிடைக்கிறது. வியாதி முடிந்தும் வேலூர் முடியாத அந்த நான்கு இரவுகளை எந்த ஆப்பில் முன்கூட்டிப் பதிவது? ரயில்வேயே ஆர்.ஏ.சி., காத்திருப்புப் பட்டியல் என்றெல்லாம் வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறது. பதிந்தவர் எல்லோரும் வரமாட்டார்கள், பதியாதவருக்கும் போயாக வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் தெரியவில்லை.

முன்பதிவு வாதத்தின் பெரிய ஓட்டை லாட்ஜ்காரர் பக்கம் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. நாளைக்கு எந்த அறை காலியாகும் என்பது அவருக்கும் தெரியாது. ‘நாளைக்குக் கிளம்பறோம்’ என்று சொன்னவர் மாலையில் வந்து, ‘ரிப்போர்ட் வரலை, இன்னும் ரெண்டு நாள்’ என்பார். கீமோ ஏற்றிவிட்டு வந்து சுருண்டு படுத்திருப்பவரை, ‘உங்கள் ரூமுக்கு வேறொருவர் புக் பண்ணியிருக்கிறார், காலி பண்ணுங்கள்’ என்று சொல்ல மனம் வருமா? பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் உள்ளே இருப்பவருக்கு நீட்டித்துக் கொடுக்கிற ஒவ்வோர் இரவும் வெளியே இருந்து பதிந்துவிட்டு வருகிறவரின் பதிவை ரத்து செய்கிறது. கைபேசியில் ‘உறுதி’ என்று வந்த செய்தியைக் காட்டினாலும், ‘இல்லீங்க, அவங்க காலி பண்ணலை’ என்பதுதான் கவுண்டரில் கிடைக்கும் பதில். முன்பதிவு முறை இந்த ஊரில் கறாராக நடக்கவேண்டும் என்றால், நண்பகல் 12 மணிக்கு நோயாளிகளைப் பெட்டியோடு வெளியேற்ற வேண்டும். ‘ரூம் போட்டுட்டு வரவேண்டியதுதானே’ என்று சொல்பவர் அதற்குச் சம்மதிப்பாரா? மாட்டார். தான் என்ன கேட்கிறோம் என்று யோசிக்காமல் கேட்கிற கேள்வி அது.

ஆப்பில் தெரியாத சங்கதிகள் வேறு. நோயாளியால் படி ஏற முடியுமா, கீழ்த்தளத்தில் அறை உண்டா, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்குமா, அறையில் சமைக்க விடுவார்களா என்பதையெல்லாம் படம் பார்த்துச் சொல்ல முடியாது. வாரக்கணக்கில் தங்கப்போகிற குடும்பத்துக்குச் சமையல்தான் முதல் கேள்வி. பத்தியச் சாப்பாட்டை ஓட்டலில் வாங்க முடியாது, மூன்று வேளையும் வாங்கினால் கட்டுப்படியும் ஆகாது. வங்கதேசத்திலிருந்து வருபவர் என்றால் இன்னொரு சுவர். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் லாட்ஜ் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். அந்த வேலையே வேண்டாம் என்று அவர்களைச் சேர்க்காத இடங்கள் உண்டு. கைபேசியில் பதியும்போது இது தெரியாது. பாஸ்போர்ட்டை நீட்டும்போதுதான் தெரியும்.

சி.எம்.சி. என்று நாம் சொல்வதும் ஒரே இடம் இல்லை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியது இன்று ஊரெங்கும் பரவிக் கிடக்கிறது. பழைய பெரிய வளாகம் ஊர் நடுவில். கண் ஆஸ்பத்திரி ஆரணி ரோட்டில். மனநலமும் மறுவாழ்வும் பாகாயம் பக்கம். 2022-ல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் சென்னை போகும் நெடுஞ்சாலையில், ஊருக்கு வெளியே. பெரிய கேட்டுக்கு எதிரே கூடுதல் வாடகைக்கு அறை எடுத்தவர், தனக்கான துறை ராணிப்பேட்டையில் இருக்கிறது என்று முதல் நாள் காலையில்தான் தெரிந்துகொள்வதுண்டு. பிறகு தினமும் அங்கே போய்வர வண்டிச் செலவு. ஒழுங்காகத் திட்டமிட்டு வந்ததற்கு இந்தத் தண்டனை.

இதை இந்த ஊரோடு நிறுத்திப் பேசினால், ‘ஊர்ப்பாசத்தில் பேசுகிறான்’ என்பார்கள். சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தைப் பார்ப்போம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ என்று ஒரு ஏரிக்காடு இருக்கிறது. பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். கேனோ என்னும் ஒல்லிப் படகில் துடுப்புப் போட்டு, ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் படகைத் தோளில் சுமந்து நடந்து, இரவில் கரையோரம் கூடாரம் போட்டுத் தங்கிப் போகிறவர்கள் கோடையில் குவிகிறார்கள். அங்கேயும் கூட்டம், அங்கேயும் கட்டுப்பாடு. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒவ்வொரு நுழைவிடத்திலும் ஒரு நாளைக்கு இத்தனை குழு என்று கணக்கு வைத்து அனுமதிச் சீட்டு கொடுக்கிறது வனத்துறை. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, நான்கு படகுக்கு மேல் கூடாது. கறார் என்றால் அப்படிக் கறார்.

அந்தச் சீட்டில் எந்த நாள், எந்த இடத்தில் நுழையலாம் என்று இருக்கும். எந்த இரவு எங்கே தூங்குவது என்று இருக்காது. காடெங்கும் சுமார் 2,000 தங்குமிடங்கள் அடையாளம் செய்யப்பட்டிருக்கின்றன; இரும்பு அடுப்பும் ஒரு கழிப்பிடமும் இருக்கும் கரைத்துண்டுகள். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். பெரிய ஏரியில் காற்று எழும்பினால் படகு அரை நாள் கரையிலேயே கிடக்கும். ஒருவர் கால் பிசகினால் பயணமே பாதி வேகம். அப்படியிருக்க ஒவ்வொரு இரவுக்கும் இடத்தை முன்கூட்டிக் கட்டிப்போட்டால், கூட்டம் கூட்டமாகக் காற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டு ‘நம்ம இடத்துக்கு’ விரைந்து ஆபத்தில் சிக்குவார்கள். அனுபவப்பட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும்போதே அதற்கு மாற்றாக இரண்டு மூன்று இடங்களையும் குறித்துக்கொள்கிறார்கள். பொழுது சாயும்வரை துடுப்புப் போடாமல் மதியம் கடந்ததுமே இடம் பிடிக்கப் பார்க்கிறார்கள். முதல் ஏரி நிரம்பியிருந்தால் அடுத்த ஏரிக்கு நடக்கும் தெம்பை மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் இரவுக்கு இரவு முன்பதிவு இருக்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே உட்காட்டில் பதிவது ஏரியின் பேரை. அந்த ஏரிக்குப் போன பிறகு எந்தக் கரை என்பது முதலில் வந்தவருக்குத்தான். பதிவிலும் ஒரு நெகிழ்வு வைத்திருக்கிறார்கள்.

உல்லாசத்துக்குப் போகிறவனுக்கே இந்தக் கரிசனம். காற்றும் மழையும் அவன் கணக்கைக் கலைக்கும் என்று ஒரு வனத்துறை ஒப்புக்கொள்கிறது. புற்றுநோய் கணக்கைக் கலைக்கும் என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை. அங்கே உள்ளே வரும் தலைகளை எண்ணி விட்டுவிட்டு இடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கே எண்ணிக்கைக்கு வரம்பு வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. வியாதிக்காரரிடம் ‘இன்றைய கோட்டா முடிந்தது’ என்று காட்பாடியில் சொல்ல முடியாது. அப்படியென்றால் மாற்று இடத்தின் தேவை இங்கே இன்னும் அதிகம்.

‘புரோக்கர்களை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பது இன்னொரு பிரபல வாதம். முன்பதிவு வாதத்தின் சின்னத் தம்பி. ரயிலடியிலும் ஆஸ்பத்திரி வாசலிலும், “தாதா, ரூம்? தீதி, ரூம்?” என்று வங்காளத்திலேயே கூப்பிட்டு அழைத்துப்போகிறவர்களைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்பிராயம் இல்லை. லாட்ஜில் வாங்கும் கமிஷன் கடைசியில் நோயாளியின் வாடகையில்தான் ஏறுகிறது. ஆனால் புரோக்கர் விற்பது என்ன? இந்த நிமிடம் எந்தத் தெருவில் எந்த மாடியில் அறை காலி என்கிற தகவலை. அதை இந்த ஊரில் வேறு யாரும் சும்மா கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரி கொடுப்பதில்லை, மாநகராட்சி கொடுப்பதில்லை, ஸ்டேஷன் கொடுப்பதில்லை. இலவசமாகக் கிடைக்க வேண்டியது கிடைக்காத இடத்தில் அதை விற்கிறவன் முளைப்பான். விரட்டினால் அடுத்த வாரம் அடுத்த முனையில் நிற்பான். அவனை ஒழிக்க ஒரே வழி அவன் சரக்கை இலவசமாக்குவது.

அந்தத் தகவல் ஊரில் இல்லாமல் இல்லை. லாங் பஜாரில் தாராளமாக இருக்கிறது. மளிகை மொத்தக்கடையில் சரக்கு எடுக்க வரும் மெஸ்காரருக்குத் தன் மெஸ்ஸில் சாப்பிடும் குடும்பங்களில் யார் ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரியும். நேதாஜி மார்க்கெட்டில் காய் வாங்க வரும் வங்காளப் பெண்களுக்கு எந்த லாட்ஜில் தண்ணீர் வரும், எங்கே வராது, எந்த உரிமையாளர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பார் என்பதெல்லாம் அத்துப்படி. பஜாரை ஒட்டிய சந்துகளில் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறவர்கள் எந்த இணையத்திலும் இல்லை. வாய்வழிச் செய்தியில் இருக்கிறார்கள். ‘ஃபுல்’ என்று சொல்லப்படும் அதே வேளையில் நாலு தெரு தள்ளி அறை காலியாகக் கிடக்கும். முகவரி தெரியாததைப் பஞ்சம் என்று நாம் தப்பாகப் பேர் வைத்திருக்கிறோம்.

சரி, வருகிறவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. முன்பதிவு உபதேசம் செய்பவர்கள் இதைச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. முதல் இரவுக்கு மட்டும் இடம் பேசுங்கள், அதுவும் லாட்ஜுக்கே போன் செய்து. பேசும்போது செக்-அவுட் எப்படி என்று கேளுங்கள். சில இடத்தில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம், சில இடத்தில் யார் எப்போது வந்தாலும் குறித்த மணி. இரவு 10 மணிக்கு வருபவருக்கு இந்த வித்தியாசம் ஒரு நாள் வாடகை. அறை தேடுவது காலை வேலை. காலி செய்கிறவர்கள் காலையிலிருந்து மதியத்துக்குள் காலி செய்வார்கள்; மாலையில் தேடினால் மிச்சம் மீதிதான். நோயாளியை வெயிலில் கூட்டிக்கொண்டு அலையாதீர்கள். ஒருவர் நோயாளியோடு உட்காரட்டும், ஒருவர் கைவீசித் தேடட்டும்.

கேட்டுக்கு எதிரே இருக்கும் தெருக்களையே சுற்றிச் சுற்றி வருவதுதான் புதிதாக வருபவர்கள் செய்கிற பெரிய தவறு. காந்தி ரோடும் பாபு ராவ் தெருவும் நிறைந்திருந்தால் அடுத்த சுற்றுக்கு நகருங்கள்: லாங் பஜார்ப் பக்கம், சைதாப்பேட்டை, தோட்டப்பாளையம். அதுவும் இல்லையென்றால் காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி, காட்பாடி. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் ஓடும் டவுன் பஸ் ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறது. அந்த வழித்தடத்தின் மேல் எங்கே தங்கினாலும் ஆட்டோவுக்கு அழவேண்டாம். ஆனால் ரேடியேஷனுக்குத் தினமும் வரவேண்டியவரை, ‘தூரமாப் போனா சீப்பா கிடைக்கும்’ என்று மூன்றாவது சுற்றுக்கு அனுப்பும் அறிவுரை தப்பு. வாடகையில் மிச்சம் பிடித்தது வண்டியில் போகும், நோயாளியின் உடம்பும் அலைச்சலில் போகும். தூரம் யாருக்குத் தாங்கும் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

‘ஃபுல்’ என்று சொன்ன லாட்ஜிலும் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். இன்றைக்கு இல்லை என்பதற்கு நாளைக்கும் இல்லை என்று பொருள் கிடையாது. சோதனை முடிவுகள் வரும்வரை நாள் வாடகையே கொடுங்கள். சிகிச்சை இன்னது, இத்தனை வாரம் என்று தெரிந்த பிறகு மாத வாடகைக்குப் பேசி, சமையலறையோடு கூடிய இடத்துக்கு மாறுங்கள். உங்கள் துறை எந்த வளாகம் என்பதை உறுதி செய்யாமல் எங்கேயும் பெரிய அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

ஆனால் இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் பட்டுத் தேறட்டும் என்று விட்டுவிட ஊருக்கு உரிமை இருக்கிறதா? இந்த நாட்டில் வழிப்போக்கரைக் கவனித்துக்கொள்ளும் கலை நேற்று வந்ததில்லை. தஞ்சை மராட்டியர் ராமேசுவரம் போகும் பாதையில் சத்திரங்களை வரிசையாகக் கட்டினார்கள். 1802-ல் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. சாப்பாடும் இடமும் கொடுத்ததோடு நில்லாமல், வழியில் நோயில் விழுந்தவருக்கு மருந்தும் பத்தியமும் கொடுத்துத் தேறும்வரை வைத்துக்கொள்வது இந்தச் சத்திரங்களின் தருமமாக இருந்தது. எத்தனை நாளில் குணமாவாய் என்று யாத்ரீகனை முன்கூட்டிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழங்கதை வேண்டாம் என்றால் காட்பாடியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் திருப்பதி இருக்கிறது. திருமலையில் முன்பதிவு உண்டு; அது முதல் கதவு. பதியாமல் வந்தவர் பெயரைக் கொடுத்துக் காத்திருந்து அறை வாங்க மத்திய வரவேற்பு அலுவலகம் உண்டு, அது இரண்டாவது. அங்கேயும் கிடைக்காதவருக்கு லாக்கரும் குளியலறையும் கொண்ட பெரிய இலவசக் கூடங்கள் உண்டு, அது மூன்றாவது. முதல் கதவு மூடியிருந்தால் இரண்டாவது, அதுவும் மூடியிருந்தால் மூன்றாவது என்று அந்த நிர்வாகம் யோசித்து வைத்திருக்கிறது. நாம் போய் வசதியாகத் தலைசாய்த்துவிட்டு, மொட்டையும் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, நம்மூர் வாசலில் நிற்கிற நோயாளியிடம் முதல் கதவைப் பற்றி மட்டும் உபதேசம் செய்கிறோம்.

இங்கேயும் அப்படி ஓர் இலவசக் கூடம் கட்டினால் லாட்ஜ் தொழில் படுத்துவிடும் என்பார்கள். திருமலைக் கூடங்களால் திருப்பதி லாட்ஜுகள் படுத்துவிடவில்லை. கூடத்தில் ஓர் இரவு, மிஞ்சினால் இரண்டு இரவு என்று வரம்பு வையுங்கள்; அறை கிடைக்கும்வரை மூட்டையை வைத்துவிட்டுக் குளித்து உட்கார ஓரிடம், அவ்வளவுதான். மும்பை டாட்டா மெமோரியலுக்கு வரும் ஏழை நோயாளிகளுக்குத் தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலை இருக்கிறது. அரியானாவின் ஜஜ்ஜரில் எய்ம்ஸ் புற்றுநோய் நிலையத்தை ஒட்டி 806 படுக்கையோடு உடனிருப்போர் விடுதி 2021 அக்டோபரில் திறக்கப்பட்டது. முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

‘வெளியூர்க்காரனுக்கு நம்ம வரிப்பணமா?’ என்றும் கேட்பார்கள். நம் பிழைப்பில் எவ்வளவு பங்கு அவர்களுடையது என்று பார்த்தால் இந்தக் கேள்வி கூசும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிலை நம்பியவர்கள் 1996-ல் தோல் ஆலை மாசு குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஷூ ஆர்டர்கள் தடுமாறியதையும் பார்த்தார்கள். வேலூர் டவுனுக்குத் தோல் அளவுக்கு இன்னொரு தூண் ஆஸ்பத்திரிக் கூட்டம். லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை, டிராவல்ஸ், மீன் கடை, நம் லாங் பஜார் மளிகை வரை அதில் நிற்கிறது. அந்தத் தூணும் நிரந்தரமில்லை. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு வங்கதேசத்தவருக்கு விசா சுருங்கியதும் காந்தி ரோடு எப்படி வாடியது என்று வியாபாரிகளைக் கேளுங்கள். வரி என்று பேசினால் அரசும் உத்தமன் இல்லை. ஒரு நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்த அறைகளுக்கு வரி கிடையாது என்றிருந்ததை மாற்றி, 2022 ஜூலை 18 முதல் 12 சதவீத ஜிஎஸ்டி விதித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். வியாதிக்காரரும் சுற்றுலாப் பயணியும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றுதான்.

முன்பதிவுக் கட்சியை மொத்தமாகக் கவிழ்க்க 2020 போதும். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்திருந்த ஆயிரக்கணக்கானோர் வேலூர் லாட்ஜுகளில் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கையில் திரும்பும் டிக்கெட் இருந்தது, அறை இருந்தது, கணக்குப் போட்ட பணம் இருந்தது. மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் கிளம்பும்வரை அதில் எதுவும் உதவவில்லை. வாடகை வாங்காமலும் பாதி வாங்கியும் வைத்திருந்த சில உரிமையாளர்களும், அரிசி பருப்பு கொடுத்த கைகளும்தான் உதவின. அன்றைக்கு யாரும் அவர்களுடைய திட்டமிடலைக் குறை சொல்லவில்லை. பெருந்தொற்று எல்லோருக்கும் செய்ததை ஒரு பயாப்சி முடிவு ஒரு குடும்பத்துக்குத் தனியாகச் செய்கிறது.

மாநகராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்பது பெரிய தொகை இல்லை. காட்பாடி ஸ்டேஷனில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, பழைய பஸ் ஸ்டாண்டில் ஒன்று என மூன்று பலகைகள். எந்தத் தெருவில் எந்த லாட்ஜில் எத்தனை அறை காலி, வாடகை எவ்வளவு, கீழ்த்தளம் உண்டா, சமைக்கலாமா, வெளிநாட்டவரைச் சேர்ப்பார்களா என்பது தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும். காலையும் மாலையும் திருத்த வேண்டும்; லாட்ஜ்காரர்கள் ஒரு போன் செய்தால் போதும். கூடவே லாக்கரும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடம். பலகைக்கு ஒரு மாதம், கூடத்துக்கு ஒரு வருடம் போதும். அதுவரைக்கும் லாங் பஜார் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறை காலியாக இருக்கும் மூன்று இடங்களின் பேரும் போன் நம்பரும் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டி வையுங்கள். ஃபைலோடு வருகிறவருக்கு அதைக் காட்டுங்கள்.